பூச்சி மருந்து அடித்துத் திறந்த பூங்கா

என் தம்பியின் பாகல் பந்தலை அழித்தவன் நான். கத்தியால் வெட்டவில்லை, தீ வைக்கவில்லை. அவன் நிலத்தை ஒட்டிய ஊர்ப்பொது இடத்தில், தேனீக்களுக்கும் வண்டுகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் என்று சொல்லி ஒரு பூங்கா அமைத்து அழித்தேன். தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு அது சுலபமாக இருந்தது. படிக்காத ஒருவனால் அந்தக் காரியத்தை அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் நான். பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டு, கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், ஜெபத்தில் பராக்காக இருந்தேன் என்று சில்லறைப் பாவங்களை எல்லாம் வரிசையாக ஒப்பித்துவிடுவேன். குருவானவரும் சலிப்பில்லாமல் பரிகாரம் சொல்லி அனுப்புவார். இதை மட்டும் அங்கே சொன்னதில்லை. பொய்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு ஏற்பட்டது என்று எனக்கு நானே ஒரு வியாக்கியானம் வைத்திருந்தேன். படித்தவனுக்கு வியாக்கியானத்துக்கா பஞ்சம்?

மன்னார்குடிக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்தில் எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். ஒரு பேரூராட்சி அலுவலகம், கல்யாண மண்டபங்கள், நகைக்கடன் விளம்பரங்கள், வெளிநாட்டுப் பணத்தில் கட்டி ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் மாடி வீடுகள். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் ஆறு. திறக்காவிட்டால் லாரிகள் மணல் அள்ளும் சாலை.

எங்கள் அப்பாவால் ஒரு பிள்ளையைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது. மூத்தவன் என்பதால் நான் போனேன். தம்பி பள்ளிக்கூடத்தோடு நின்று, லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, குவைத்துக்குப் போனான். அங்கே ஓர் அரபி வீட்டுக்கு டிரைவர். அரபியின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அரபியின் மனைவியைக் கடைக்குக் கூட்டிப் போவது, அவள் வெளியே வரும்வரை வெயிலில் காத்திருப்பது. விடுமுறையில் வரும்போது எனக்கு சென்ட் பாட்டில் கொண்டுவருவான். அதை வாங்கிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் சக பேராசிரியர்கள் அவனைப் பற்றிக் கேட்டால், "வெளிநாட்டில் போக்குவரத்துத் துறையில் இருக்கிறான்" என்பேன்.

நான் ஓய்வு பெற்ற சமயத்தில் அவன் ஊருக்கு வந்தான். இந்த முறை பெட்டிகளைக் கட்டி மேலே போடச் சொன்னான்.

"இனிமே பாஸ்போர்ட்ட கையால தொட மாட்டேண்ணே. அரபி சொல்லித்தான் அனுப்பிச்சான், அடுத்த ரம்ஜானுக்குள்ள மனசு மாறுனா வா, வேலை இருக்குன்னு. நான் மாற மாட்டேன். எம்பொண்ணு என்னப் பாத்தா விருந்தாளிக்குக் காபி கொண்டாந்து குடுக்குற மாதிரி குடுக்குதுண்ணே. அத மாத்தணும்."

ஆற்றங்கரைப் படுகையில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. வண்டல் படிந்த நல்ல மண். நெல்லுக்கு ஏறாது, கறிகாய்க்கு ஏற்றது. அதில் போர் போட்டு, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் கல்தூண்கள் இறக்கி நட்டு, மேலே கம்பி இழுத்து, நிரந்தரப் பந்தல் போட்டான். கூழாங்கல்கூடக் கிடைக்காத பூமி எங்களுடையது. கல்லை நட்டு விவசாயம் செய்கிறவனை ஊர் சும்மா விடுமா? டீக்கடையில் அவன் தலையைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்ன குவைத்து, ஆயிரங்கால் மண்டபம் எதுவரைக்கும் வந்துருக்கு?"

"கும்பாபிஷேகத்துக்குச் சொல்லி அனுப்புப்பா. எங்க ஆளுங்க சாமியா, உங்க ஆளுங்க சாமியான்னு மட்டும் மொதல்ல முடிவு பண்ணு."

அவன் சிரித்துக்கொண்டே டீ குடிப்பான். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். நெல் விளைகிற மண்ணில் பிறந்துவிட்டு நெல் கட்டவில்லை, கட்டவில்லை என்று அழுதுகொண்டே வேறு எதையும் பயிரிடத் துணியாதவர்கள் நாங்கள். ஒருவன் துணிந்தால் சிரிப்பதற்கு மட்டும் எங்களுக்குத் தண்ணீர் தேவைப்படுவதில்லை.

அந்தப் பந்தல் காய்த்தால் அவன் ஊரில் இருப்பான். காய்க்காவிட்டால் மறுபடியும் அரபி வீட்டு வாசலில் காரைத் துடைப்பான். சேர்த்த பணமெல்லாம் கல்லாக நின்றுகொண்டிருந்தது. இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் நன்றாகத் தெரியும்.

அவன் பந்தலில் கொடி ஏறத் தொடங்கியிருந்த சித்திரை மாதத்தில்தான் அமெரிக்காவிலிருந்து யோசனை வந்தது. என் பழைய மாணவி ஒருத்தி அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். அவள் குடியிருக்கும் நகரத்தில், தெருமுனைகளிலும் பூங்காக்களிலும் அந்த மண்ணுக்கே உரிய செடிகளை வைத்துத் தேனீக்களையும் பட்டாம்பூச்சிகளையும் வரவழைக்கிறார்களாம். அதுபோல் தன் சொந்த ஊரிலும் ஒன்று வேண்டும், செலவைத் தானும் நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம், நீங்கள்தான் முன்னின்று செய்ய வேண்டும் சார் என்று கேட்டிருந்தாள். நல்ல பெண். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பெல்லாம் அதை நாங்கள் கையில் வாங்கிய பிறகு ஆரம்பித்தது.

குழு அமைத்தோம். எங்கள் ஊரில் ஒரு குழி தோண்டுவதாக இருந்தாலும் முதலில் குழு அமைக்க வேண்டும். நான் தலைவர். பேரூராட்சித் தலைவர், ஜவுளிக்கடை முதலாளி, ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் ஆகியோர் உறுப்பினர்கள். முதல் கூட்டம் முழுக்கப் பெயர் சூட்டுவதிலேயே போயிற்று.

"மகரந்தச் சேர்க்கைப் பூங்கா" என்றேன்.

ஜவுளிக்கடை முதலாளி முகத்தைச் சுளித்தார். "சேர்க்கைன்னு போர்டு வச்சா காலேஜ் அட்மிஷன்னு நெனச்சுக்கிட்டு சர்டிபிகேட்டோட வந்து நிப்பானுவ சார்."

"வேற மாதிரியும் நெனப்பானுவ. அத நான் சொல்லல" என்றார் மேனேஜர். பேரூராட்சித் தலைவர் இருமும்வரை சிரித்தார். பட்டாம்பூச்சிப் பூங்கா என்று முடிவாயிற்று. தேனீக்கள் பெயர்ப்பலகையிலிருந்தே அன்று வெளியேறின.

இடமாகப் பழைய மாட்டுப் பவுண்டைத் தேர்ந்தெடுத்தோம். பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் பட்டி அது. மாடுகள் குறைந்து பவுண்டை மூடிப் பல காலம் ஆகியிருந்தது. ஊரில் எந்தக் கட்சியும் கொடிக்கம்பம் நடாத ஒரே பொது இடம் அதுதான். தம்பியின் பந்தலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வரப்பு மட்டுமே.

பவுண்டு காலியாக இருக்கவில்லை. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வேலியோரம் நொச்சி. உள்ளே தும்பை, துத்தி, கொழுஞ்சி, கிலுகிலுப்பை. சுவர் இடிந்த மூலையில் எருக்கும் ஒரு நுணாவும். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்தவை. காலையில் போய் நின்றால் அந்த இடமே முனகும். தும்பையில் சின்னத் தேனீக்கள், கிலுகிலுப்பையில் பருத்த கருவண்டுகள், எருக்கின் இலையடியில் பட்டாம்பூச்சிப் புழுக்கள். வெறும் மண்ணில் ஊசி குத்தினாற்போல் துளைகள் இருக்கும். அவை தரையில் வளை தோண்டி வாழும் சிறு தேனீக்களின் வீடுகள். நான் கல்லூரியில் இருந்தவரை ஒவ்வொரு வருடமும் மாணவர்களை அங்கேதான் அழைத்துப் போய்ச் செடி காட்டினேன். அமெரிக்காவிலிருந்து கேட்ட பூங்கா எங்கள் ஊரில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதற்கு ஒரு வேலியும் ஒரு பலகையும் போதும்.

இரண்டாம் கூட்டத்தில் நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "அங்க இருக்குற செடியே நல்ல செடிதான். அப்படியே விட்டுட்டு..."

"சார், அந்தம்மா அங்கேருந்து பிளைட் ஏறி வருது" என்றார் ஜவுளிக்கடை முதலாளி. "வந்தா என்னத்தக் காட்டுறது? எருக்கையா?"

"முன்னாடி எப்படி இருந்துச்சு, பின்னாடி எப்படி ஆச்சுன்னு போட்டோ வேணும்ல" என்றார் பேரூராட்சித் தலைவர். "மொதல்ல பொக்லைன விட்டு மட்டம் தட்டிருவோம். பொட்டலா ஒரு போட்டோ, பச்சையா ஒரு போட்டோ. என்னங்க சார்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கையில் டீ இருந்தது. முந்திரி பக்கோடா இருந்தது. தலைவர் என்று போட்ட லெட்டர்பேடு அச்சடித்து வந்து மேசைமேல் இருந்தது. "செய்யலாம்" என்றேன். யாரும் என்னை மிரட்டவில்லை. நான் இன்னொரு முறை வற்புறுத்திச் சொல்லியிருந்தால் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கவும் கூடும். எருக்கைக் காட்டிவிட்டுப் பொன்னாடை வாங்க முடியாது என்பதுதான் எனக்கு உறைத்தது.

செடி நடுவதற்கு எங்கள் பக்கத்தில் காலம் ஐப்பசி. மழை பிடித்துக்கொள்ளும், கன்று வேர்விடும். ஆனால் அமெரிக்காவில் பள்ளிக்கூட விடுமுறை ஆனி மாதத்தில் வந்தது. ஆகவே நாங்கள் ஆனியில் நட்டோம். காவிரிப் படுகையில் பருவத்தை நிர்ணயிப்பது இப்போது மழையும் அல்ல, மேட்டூரும் அல்ல.

பொக்லைன் வரப்போகிறது என்று கேள்விப்பட்டுத் தம்பி என் வீட்டுக்கு வந்தான். பந்தலில் பூ எடுத்திருந்த நேரம். பாகற்பூ காலையில் விரிந்து அன்றோடு முடிந்துவிடும். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது ஒரு பூச்சி தூளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் காய். இது எட்டாம் வகுப்புப் பாடம். அவனுக்கு யாரோ நினைவுபடுத்தியிருக்க வேண்டும்.

"பவுண்டுல இருக்குற பொதரெல்லாம் எடுக்கப் போறீங்களாமேண்ணே?"

"ஆமா. பார்க் வருது."

"எடுங்க, எடுங்க. நல்ல விஷயம். ஒண்ணுதான் கேக்கணும்னு வந்தேன். அத எடுத்தா எம்பூவுக்கு வர்ற வண்டு கிண்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? இல்லன்னா ஆடி வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கலாமான்னு. அதுக்குள்ள மொத காப்பு எறங்கிரும்."

விருந்தாளி ஆனியில் வருகிறாள். ஆடியில் அவள் இருக்க மாட்டாள்.

"தேனீ எங்கெங்கேருந்தோ வரும்டா" என்றேன். "மைல் கணக்கா பறக்கும். இந்தத் துண்டு நெலத்துல இருக்குற பொதர நம்பியா அது இருக்கு? அதுவும் இல்லாம, பின்னாடி வரப்போறதே பூச்சிக்கான பூங்கா. உனக்குத்தான் லாபம்."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்றான். முகம் தெளிந்துவிட்டது. "நமக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீங்க அதையே படிச்சு அதுலயே சம்பளம் வாங்குனவங்க."

மைல் கணக்கில் பறப்பது பெரிய தேனீ. மரக்கிளையிலும் கட்டடத்திலும் கூடு கட்டும் இனம். பாகற்பூவுக்கு வந்து வேலை செய்கிறவை பெரும்பாலும் மண்ணில் வளை தோண்டும் சிறு தேனீக்கள். அவை தங்கள் வளையைவிட்டு அதிக தூரம் போகாதவை. இதை நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். தேர்வில் இப்படி எழுதுகிற மாணவனுக்குச் சுழியம் போடுவேன். தெரியாமல் சொன்ன வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

மறுநாள் பொக்லைன் வந்து அரை நாளில் எல்லாவற்றையும் வாரி ஓரமாகக் குவித்தது. நொச்சியின் வாசனை தெரு முழுக்க வந்தது. மண்ணை மட்டம் தட்டி, கெட்டிப்படுத்தி, ரோலர் ஓட்டினார்கள். பேரூராட்சித் தலைவர் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பொட்டல் அருமையாக அமைந்திருந்தது.

நர்சரியிலிருந்து செடிகள் வந்தன. நாட்டுச்செடிகள் என்று நான் எழுதிக் கொடுத்ததில் கால்வாசிகூட வரவில்லை. "தும்பையா? அத யாரு சார் காசு குடுத்து வாங்குவா? நாங்க வளக்குறதில்ல" என்று நர்சரிக்காரர் சிரித்துவிட்டார். அதற்குப் பதில் கலர்க் கலராக உண்ணிச்செடி, குரோட்டன்ஸ், கொரியன் புல் எல்லாம் இறங்கின. உண்ணிச்செடி கடல் கடந்து வந்து எங்கள் காடுகளைத் தின்றுகொண்டிருக்கும் களை. அதற்கும் ஒரு பலகை எழுதி வைத்தேன். பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன். என் மனசாட்சி அந்த அளவில் வேலை செய்தது.

திறப்பு விழாவுக்கு முந்திய நாள் ஜவுளிக்கடை முதலாளி வந்து புல்தரையைச் சுற்றிப் பார்த்தார். கட்டெறும்பு காலில் ஏறியது. "சார், அந்தம்மா புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வருது. கடிச்சு கிடிச்சு வச்சா நமக்குத்தான் கெட்ட பேரு. மருந்து அடிச்சிரலாமா?"

பேரூராட்சியில் கொசு மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிட்டார்கள். அவர் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "பூச்சிக்கான பார்க்குன்னாங்க, பூச்சி மருந்து அடிக்கச் சொல்றாங்க, எது சார்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. எந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிவது என்று உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "அடிங்க. லேசா அடிங்க" என்றேன். காற்று ஆற்றுப் பக்கமாக அடித்தது. புகைபோல் எழுந்த மருந்து வரப்பைத் தாண்டிப் பந்தலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூச்சிகளுக்காகப் பூங்கா கட்டி, பூச்சி மருந்து அடித்து அதைத் திறந்த ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருந்தால் அந்த ஊரின் தாவரவியல் பேராசிரியரோடு கைகுலுக்க ஆசைப்படுகிறேன்.

விழாவில் குருக்கள் மந்திரம் சொன்னார், எங்கள் குருவானவர் தீர்த்தம் தெளித்தார், பள்ளிவாசலிலிருந்து வந்தவர் துவா ஓதினார். மூன்று கடவுள்களையும் சாட்சிக்கு அழைத்துத்தான் எதையும் செய்வது எங்கள் ஊர் வழக்கம். மைக்கில் என்னை 'இயற்கையின் காவலர்' என்றார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கழுத்தில் ரோஜா மாலையின் கனம் சுகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு என் மாணவி செடி செடியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள்.

"பூச்சியே காணோமே சார்?"

"வெயில்மா. சாயங்காலம் வரும்."

"இது பழைய பவுண்டுதான? எங்கள ஃபீல்டு ஒர்க்குக்குக் கூட்டிட்டு வருவீங்களே சார்? கிலுகிலுப்பை நெத்த ஆட்டிக் காமிச்சீங்களே, இங்கதான?"

"அது வேற இடம்மா" என்றேன். "இது வெறும் பொட்டலாத்தான் கெடந்துச்சு."

அவள் நுணா நின்றிருந்த மூலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்படியா சார், எனக்குத்தான் மறந்துபோச்சு போல" என்றாள். மரியாதை தெரிந்த பெண். அதன்பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

பந்தலில் பூ பூத்துக்கொண்டே இருந்தது. மஞ்சள் மஞ்சளாக. தூரத்திலிருந்து பார்த்தால் கண் கூசும். பெண்பூவின் அடியில் விரல்நகம் அளவுக்குப் பிஞ்சு, முள் முள்ளாக, அழகாகத் தெரியும். ஓரிரு நாளில் அது வெளுத்து, வெம்பி, கீழே விழும். காலையில் பந்தலுக்கடியில் நடந்தால் செருப்பில் நசுங்கும். தப்பிப் பிழைத்தவை கோணலும் மாணலுமாக வளைந்து வந்தன. அவற்றை மார்க்கெட்டில் எடுக்கவில்லை.

தம்பி மறுபடி என்னிடம் வந்தான். எனக்கு அப்போது ஒரு வாய்ப்பு இருந்தது. ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவு, பவுண்டு மண்ணை நான் கெடுத்துவிட்டேன், இந்தக் காப்பையாவது கையால் காப்பாற்று என்று சொல்லியிருக்கலாம்.

"அக்னி வெயிலோட மிச்சம்டா" என்றேன். "சத்துக் குறைவாவும் இருக்கும். நுண்ணூட்டம் வாங்கித் தெளி."

மன்னார்குடிக்குப் போய் வாங்கிவந்து தெளித்தான். பிறகு வேறொன்றைத் தெளித்தான். நான் சொன்னதையெல்லாம் தெளித்தான். கையால் பூவைச் சேர்ப்பதை எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, அவனும் மனைவியும் விடிந்தும் விடியாமலும் பந்தலுக்குள் இறங்கியபோது, கொடி முற்றிப் பெண்பூ குறைந்துபோயிருந்தது. கைகளைத் தலைக்குமேல் தூக்கியபடி இருவரும் பூப்பூவாகத் தடவிக்கொண்டு நகர்வதைப் பூங்காவில் நடைப்பயிற்சி போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் அந்த வழியாகத்தான் நடந்தேன்.

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். "வாங்க அத்தான். உங்க பார்க்குல பட்டாம்பூச்சி வந்துருச்சா?"

"வரும்."

"வந்தா ரெண்ட இந்தப் பக்கம் பத்திவிடுங்க. கூலி குடுத்துடறோம்."

"சும்மா இரு" என்றான் தம்பி அவளிடம். "அண்ணன் என்ன பண்ணுவாங்க? வெயிலு பண்ணுது."

ஒரு போகம் போனால் என்ன, அடுத்த போகம் பார்க்கலாம் என்று சொல்ல அவனிடம் கையிருப்பு இல்லை. ரம்ஜான் நெருங்கிக்கொண்டிருந்தது. பரணிலிருந்து பெட்டியை இறக்கினான்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பூங்காவில் உட்கார நிழல் இல்லை என்று குழுவில் பேச்சு வந்தது. வைத்த செடிகளில் பாதி ஆனி வெயிலில் கருகியிருந்தன. கல்தூண் நட்டுக் கொடிப்பந்தல் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார் மேனேஜர். "பக்கத்துலயே கல்தூண் சும்மா கெடக்கே" என்று சொன்னவன் நான். தம்பியிடம் கேட்டதும் நான்.

"எடுத்துக்குங்கண்ணே" என்றான். "ஊருக்குத்தான? நட்டது நட்டபடி நிக்கறதுக்கு நாலு பேரு நெழல்ல ஒக்காந்துட்டுப் போகட்டும்."

அதே பொக்லைன் வந்து தூண்களைப் பிடுங்கியது. கொடிகள் கம்பியோடு சுருண்டு விழுந்தன. அவன் குவைத்துக்குப் போன வாரத்தில் தூண்கள் பூங்காவில் நின்றன. அவற்றில் காகிதப்பூவை ஏற்றினார்கள். வருஷம் முழுக்கச் சிவப்பாக இருக்கும், தண்ணீர் கேட்காது, எங்கள் ஊர்த் தேனீக்களுக்கு அதில் பெரிதாகத் தீனி ஒன்றும் கிடையாது. ஊருக்குப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்திய போட்டோ எடுக்க இப்போது மன்னார்குடியிலிருந்தெல்லாம் அங்கே வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை தம்பிக்கு ஓய்வு. முதலில் வீட்டுக்குப் பேசுவான், பிறகு எனக்கு. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, "நம்ம கல்லுல என்ன கொடிண்ணே ஏத்திருக்கு?" என்று கேட்டான்.

"காகிதப்பூ."

"காய்க்குமா?"

"காய்க்காது. பூ மட்டுந்தான்."

அவன் சிரித்தான். "சரிதான், அந்தக் கல்லோட ராசி அப்படி."

தன் நஷ்டத்தை அவன் கல்லின் ராசியில் எழுதிக்கொண்டான். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. நல்ல எண்ணத்தால் அல்ல. என் பொய்க்கு அவன் தொடர்ந்து சாக்குத் தேடித் தருவது எனக்கு அவமானமாக இருந்தது. சொல்லிவிட்டேன். பவுண்டில் இருந்த தேனீக்களைச் சொன்னேன். அவன் கேட்க வந்த அன்று நான் சொன்ன பதிலைச் சொன்னேன். மருந்து அடித்ததையும் காற்று வீசிய பக்கத்தையும் சொன்னேன். அவன் பக்கத்தில் ஏதோ ஒரு வண்டியின் ஏசி ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நான் வந்து கேட்டனே, அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஆடி வரைக்கும்தான கேட்டேன்."

"ஆமா."

கோபப்படுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். திட்டு வாங்கிக்கொண்டால் கணக்கு முடிந்துவிடும் என்று நினைக்கிற புத்தி எனக்கு அப்போதும் போகவில்லை.

"சரிங்க சார்" என்றான். "வச்சிடறேன்."

ஊரில் எல்லோரும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நர்சரிக்காரர், கொசு மருந்து அடிக்கிறவர், ஜவுளிக்கடை முதலாளி எல்லோரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அரபி அவனை இனிமேல் வேண்டாம் என்று அனுப்பிய வயதில் ஊருக்கு வந்தான். மகளை அதற்குள் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. குடும்பத்துக்குப் பொதுவான படுகை நிலத்தை மனை போட்டு விற்றோம். அதற்குக் கையெழுத்துப் போட ரிஜிஸ்தர் ஆபீஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. நான் இடம் தெரியாமல் பக்கத்தைப் புரட்டுவதைப் பார்த்து, காகிதத்தை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினான்.

"இங்க போடுங்க சார்" என்றான்.

போட்டேன்.